சக்கரத் தடம் 17: ஒரே தரை, பல வண்டிகள்

சென்ற இதழில் 1953-ஆம் ஆண்டின் தீர்வை ஆணையப் பரிந்துரையோடு நிறுத்தியிருந்தோம். பாகங்களை இங்கேயே படிப்படியாகச் செய்ய முன்வருகிறவர்களுக்குத்தான் இனி இடம் என்று அரசு சொன்னதும், கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்துப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் செய்ய மிஞ்சியவர்கள் மூன்று பேர். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. இந்த இதழில் அவர்களுடைய வண்டிகளின் அடிவயிற்றைப் பார்க்கலாம். பளபளக்கும் மேல்பாகத்தைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள்.

காரின் தரை என்றதும் கால் வைக்கிற தகடு மட்டும்தான் நினைவுக்கு வரும். தொழிற்சாலைக்காரர்கள் பிளாட்ஃபார்ம் என்று சொல்வது அதைவிடப் பெரியது. நடுத்தரை, இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் இடையில் நிற்கும் தடுப்புச் சுவர், இன்ஜின் உட்காரும் தாங்கிகள், சஸ்பென்ஷன் வந்து பூட்டிக்கொள்ளும் இடங்கள், ஸ்டீரிங்கும் பெடலும் அமையும் நிலை எல்லாம் அதில் அடங்கும். இவற்றுக்கான தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகள், பிடித்து வெல்டிங் வைக்கும் ஜிக்குகள், பிறகு மோதல் சோதனைகள் என்று ஒரு புது வண்டியின் பணம் பெருமளவுக்கு வாங்குகிறவன் கண்ணில் படாத இந்தப் பகுதியில் போய் முடங்கும். ஆகவே ஒருமுறை போட்ட தரையின் மேல் எத்தனை வண்டி எழுப்ப முடியும், எத்தனை தலைமுறை ஓட்ட முடியும் என்பதே கணக்குப்பிள்ளையின் கேள்வி.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் வீதி வரும் ஐந்து தேர்களிலும் சக்கரம், அச்சு, சிற்பம் செதுக்கிய மரத்தட்டுகள் ஆகியவை அப்படியே இருக்கும். மூங்கிலும் தேர்ச்சீலையும் தொம்பைகளும்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏறும்.

மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1948-இல் தொடங்கப்பட்டது. வண்டலூர்–பெருங்களத்தூர் பக்கம் அதன் தொழிற்சாலை. வேன்கார்டு, எய்ட், டென் என்று தொடங்கி 1961-இல் அது கையில் எடுத்த வண்டிதான் ஹெரால்டு. பிரிட்டனில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த அதே கார்; இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. வடிவம் போட்டவர் இத்தாலியின் மிகெலோட்டி. வண்டி அழகுதான். ஆனால் அதன் உண்மையான சுவாரசியம் அடியில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சிறிய கார்களெல்லாம் தனிச் சேசிஸை விட்டுவிட்டு, உடலே எலும்பாகவும் இருக்கும் ஒற்றைக்கூட்டு அமைப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. நம் அம்பாசிடரும் அப்படிப்பட்டதுதான். ஹெரால்டு மட்டும் பழைய வழக்கப்படி தனிச் சேசிஸோடு வந்தது. காரணம் ஒரு வியாபாரச் சண்டை. ஹெரால்டைச் செய்த, கவென்ட்ரியிலிருந்த பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு முழு உடல் அழுத்தித் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிப் போட்டுவிட்டது. எதிரியின் பட்டறையில் உடல் வாங்க முடியாது. சொந்தமாக அவ்வளவு பெரிய அழுத்து இயந்திரமும் கிடையாது. சரி, உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, ஒரு சேசிஸின் மேல் போல்ட்டால் முறுக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு. பிறக்கும்போதே பழசு என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கூரை தனியாகக் கழன்று வருகிற வண்டி என்றால் அதில் எதைத்தான் மாற்ற முடியாது? அதே அடிப்பாகத்தில் திறந்த கூரை வண்டி வந்தது, பின்பக்கம் நீண்ட எஸ்டேட் வந்தது, சரக்கு வேன் வந்தது. 1962-இல் ஆறு சிலிண்டர் இன்ஜின் வைத்து வைடெஸ் என்று ஒன்று. சேசிஸைச் சுருக்கி அதே ஆண்டு ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் போகும் ஸ்போர்ட்ஸ் கார். 1966-இல் அதன் மேல் ஜி.டி.6. போதாததற்கு பாண்ட் என்ற வேறொரு கம்பெனியும் இந்தச் சேசிஸை வாங்கித் தன் உடலை ஏற்றி விற்றது. பிரிட்டனில் ஹெரால்டு 1971-இல் நின்றும், அதன் சேசிஸ் வழி வந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடியது.

நம் ஊரில் இந்த வசதியை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவுகள். நம்முடைய குடும்பங்களில் ஒரு பயணம் என்றால் பாட்டி, பேரன், பலகாரத் தூக்கு, கூடவே ஒரு சித்தப்பா. முன் சீட்டை மடக்கிப் பாட்டியைப் பின்னால் அனுப்புகிற கதை நடக்காது. 1960-களின் பிற்பகுதியில் மெட்ராஸ் பொறியாளர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். ஹெரால்டு பிறந்த நாட்டில் கிடையாத நான்கு கதவு ஹெரால்டு இது. பிறகு முன்முகத்தையும் பின்பாகத்தையும் மாற்றி, 1970-களின் தொடக்கத்தில் கெஸல் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 948 சி.சி. இன்ஜின் அதேதான். ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் அடியில் நடந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று காலை எடுத்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும் என்ற கெட்ட பெயர் அதற்கு உண்டு. கெஸலில் அதை எடுத்துவிட்டு, இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை இரும்பு அச்சைப் போட்டார்கள். புத்தகத்தைப் பார்த்தால் இது பின்னோக்கிய அடி. நம் சாலைகளைப் பார்த்தால் சரியான அடி.

ஹெரால்டை ஓட்டியவர்களைவிடப் பழுது பார்த்தவர்கள்தான் அதை அதிகம் மெச்சினார்கள் என்பது என் எண்ணம். பானெட்டும் இரு மட்காடுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். இப்படியொரு மரியாதையை இன்றைய எந்தக் காரும் மெக்கானிக்குக்குச் செய்வதில்லை.

கெஸல் 1977-இல் நின்றது. ஸ்டாண்டர்டு அதன்பின் வேன்களோடு காலம் தள்ளி, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு மறுபடி வந்தது. ரோவர் எஸ்.டி.1 என்ற 1976-ஆம் ஆண்டு வண்டியின் உடல். அதன் உள்ளே வேன்கார்டு காலத்து வழிவந்த 1991 சி.சி. இன்ஜின். தோற்றத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஓட்டிப் பார்த்து ஏமாந்தார்கள். 1988-இல் கதவு மூடியது. நான்கு கதவுக்கும் ஒற்றை அச்சுக்கும் மூளையைச் செலவிட்ட அதே கம்பெனி, இதில் வெறுமனே ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி வைத்தது. அந்த உழைப்பைக் கைவிட்டதற்குப் பணமில்லை, அனுமதி கிடைக்கவில்லை என்று காரணங்கள் சொல்லலாம். சொல்லப்பட்டும் இருக்கின்றன.

அம்பாசிடரின் கதை எல்லோருக்கும் தெரிந்தது, வேகமாகக் கடக்கலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை 1950-களின் கடைசியில் உத்தர்பாராவுக்கு வந்து 2014 மே மாதம் வரை ஓடியது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் மாறின. முன் கிரில்லும் விளக்கும் மாறின. 1990-களில் இசுஸு இன்ஜினும் ஐந்து கியரும்கூட வந்தன. உடலே எலும்பு என்பதால் மேல்பாகத்தில் கை வைக்கத் துணியவில்லை. சிதம்பரம்–காட்டுமன்னார்கோயில் சாலையில் இருக்கிற குமராட்சி போன்ற ஊருக்கு இது ஒரு வகையில் கொடுப்பினை. கல்யாணத்துக்கும், அண்ணாமலைநகர் ஆஸ்பத்திரிக்கும், அவசரத்துக்குப் பாண்டிச்சேரி ஜிப்மருக்கும் வாடகைக்கு அமர்த்திய 'பிளசர்' எந்த வருடத்து வண்டியாக இருந்தாலும், அதற்கான புஷ்ஷும் கிங்பின் செட்டும் பக்கத்து டவுனில் கிடைத்தன. கிடைக்காததை லேத்தில் கடைந்துகொண்டார்கள்.

மாருதி 800 வந்த பிறகும் இந்தச் சங்கிலி அறுபடவில்லை. 1983 டிசம்பர் 14 அன்று சாவி கொடுக்கப்பட்ட முதல் வண்டியின் உடல் 1986-லேயே மாறிவிட்டது, 796 சி.சி. இன்ஜின் மாறவில்லை. அதே இன்ஜின் ஆம்னி வேனிலும் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன ஆம்னியும், வாத்தியாரின் 800-உம் இன்ஜின் அளவில் உடன்பிறப்புகள்.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் விழித்துக்கொண்டது. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ. கொரியாவில் ஏட்டோஸ் என்று ஓராண்டு முன்பு வந்திருந்த வண்டிக்கு இங்கே செய்த மாற்றங்களோடு புதுப்பெயர். இருங்காட்டுக்கோட்டையில் செய்த அந்த வண்டி மெக்சிகோவில் டாட்ஜ் ஏட்டோஸ் என்று அமெரிக்கப் பட்டையோடு விற்றது என்பது பலருக்குத் தெரியாது. சான்ட்ரோவின் இரு அச்சுகளுக்கிடையே உள்ள தூரம் 2380 மில்லிமீட்டர். 2007-இல் வந்த ஐ10-க்கும் 2380. 2011-இல் வந்த இயானுக்கும் 2380. இதை வைத்து மூன்றும் ஒரே தரை என்று அடித்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு ஒன்றாக இருப்பது உறவுக்குச் சாட்சியாகாது. ஐ10-இன் அடித்தளம் கியா பிகான்டோ வழியாக வந்தது. பிகான்டோவின் அளவோ 2370. நீட்டுவதும் குறைப்பதும் நடுத்தரையில் எளிது. கையே வைக்க முடியாதது முன் அச்சுக்கும் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் இடையிலான தூரம்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீரிங், தடுப்புச் சுவர் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் 2012-இல் கொண்டுவந்த எம்.க்யூ.பி. அமைப்பு அந்த ஒரு தூரத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நெகிழவிட்டது.

மறைமலை நகரில் ஃபோர்டு செய்ததும் இதே வேலை. 1999-இல் 'ஜோஷ்' என்று முழங்கி வந்த ஐகான், ஐரோப்பாவின் நான்காம் தலைமுறை ஃபியஸ்டாவுக்கு இந்தியாவை மனத்தில் வைத்துப் பின்பெட்டி கட்டிய வண்டி. அந்த நான்காம் தலைமுறையோ 1989-ஆம் ஆண்டின் மூன்றாம் தலைமுறையைத் திருத்தி எடுத்தது. ஆக, 2011 வரை இங்கே உருண்ட ஐகானின் வேர் 1989-இல். அடுத்த தலைமுறை ஃபியஸ்டாவின் அடித்தளத்திலிருந்து ஃபியூஷன் 2004-இல், ஃபியஸ்டா செடான் 2005-இல், ஃபிகோ 2010-இல் என்று வரிசையாக இறக்கினார்கள். ஐரோப்பாவில் செலவு தேறிவிட்ட தரையை இங்கே கொண்டுவந்தால் புதிய வண்டியை மலிவாகத் தர முடியும். ஃபிகோ சிக்கனமாக வந்ததன் ரகசியம் அதுதான். மறைமலை நகர் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இதற்கிடையில் வண்டியின் நீளத்தையே தீர்மானிக்க ஒரு பட்ஜெட் வந்தது. 2006-இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். சிறிய கார் என்பதற்கு இலக்கணம்: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500-க்குள். ஸ்விஃப்ட்டுக்குப் பின்பெட்டி ஒட்டி 2008-இல் வந்த டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர். அடுத்த டிசையர் 2012-இல் வந்தபோது 3995. வால் நறுக்கப்பட்டது. ஆனால் தரை அந்த ஆண்டின் ஸ்விஃப்ட்டுக்கும் டிசையருக்கும் பொது, அச்சு இடைவெளி இரண்டுக்கும் 2430. அதே குடும்பத்துத் தரையை 2740-க்கு நீட்டியதில் எர்டிகா பிறந்தது. டாடா, ஹோண்டா, ஹூண்டாய், ஃபோர்டு என்று எல்லோரும் வாலை நறுக்கினார்கள். ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை; 2025 செப்டம்பரில் சிறிய கார் வரி 18 சதவீதமாக இறங்கியபோதும் கோடு அங்கேயே இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத வடிவத்தில் குட்டி வால் வைத்த செடான்கள் நம் தெருவில் நிற்பதற்கு இந்த ஒரு வரிதான் காரணம். அழகு பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பொதுத்தரையின் கணக்கைத் தமிழ்நாட்டில் மிகத் துணிந்து போட்டுப் பார்த்தது ஒரகடம். ரெனோவும் நிசானும் சேர்ந்து கட்டிய ஆலை 2010 மார்ச்சில் திறந்தது. முதலில் நிசான் மைக்ரா. அடுத்து அதே தரையை நீட்டி சன்னி. 2012-இல் மைக்ராவுக்கே ரெனோ முகம் ஒட்டி பல்ஸ், சன்னிக்கு ஒட்டி ஸ்காலா. ஒரே ஆலை, ஒரே வரிசை, இரண்டு பெயர், இரண்டு ஷோரூம். வாங்குகிறவர் ஏமாறவில்லை, பல்ஸும் ஸ்காலாவும் பெரிதாக விற்கவில்லை. 2014-இல் மைக்ராவின் தரையிலேயே மலிவாக நிசானின் டாட்சன் கோ.

இதற்கெல்லாம் மாறாக 2015 செப்டம்பரில் வந்தது குவிட். ருமேனியாவின் டாசியா லோகன் வழியாக மலிவுக் காருக்கு வழிகாட்டிய ஜெரார் டெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இந்த வேலைக்குத் தலைமை ஏற்று, சென்னையில் இருந்தபடி நடத்தினார். பழைய தரை எதையும் கடன் வாங்காமல் சி.எம்.எஃப்.-ஏ என்ற புதுத்தரையைச் சிறிய வண்டிக்கென்றே போட்டார்கள். 98 சதவீதப் பாகங்கள் உள்நாட்டிலேயே கிடைத்தவை என்று நிறுவனம் சொன்னது. 799 சி.சி., மூன்று சிலிண்டர். ஒரு சக்கரத்துக்கு மூன்றே நட்டு. முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர். தொடக்க விலை 2.56 லட்சம். டெதூர்பேயின் மேதைமை மிச்சம் பிடித்ததில் மட்டுமில்லை. பின்னால் எதெல்லாம் இதன் மேல் ஏறும் என்று முன்கூட்டி யோசித்ததில் இருக்கிறது.

குவிட்டின் அச்சு இடைவெளி 2422. 2016-இல் டாட்சன் ரெடி-கோ வந்தது, 2348. 2019-இல் அதே குடும்பத்துத் தரையை வலுவாக்கி 2636-க்கு நீட்டி, 4 மீட்டருக்குள்ளேயே ஏழு பேர் உட்காரும் ட்ரைபர்; தொடக்க விலை 4.95 லட்சம். 2020 டிசம்பரில் நிசான் மேக்னைட், 2021-இல் ரெனோ கைகர், இரண்டுக்கும் 2500. சீனாவில் இதே தரை மின்சாரக் காரானது. ஐரோப்பாவில் டாசியா ஸ்பிரிங் என்று ஓடுகிறது. மெட்ராஸில் ஒரு காலத்தில் இறக்குமதியான ஹெரால்டின் சேசிஸுக்கு நான்கு கதவு வைத்துப் பார்த்த வேலை, இப்போது சென்னையில் வடிவமெடுத்த தரையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போகும் வேலையாகத் திரும்பியிருக்கிறது. இடையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு; இரண்டு ஆலைகளும் ஒரே சென்னைப் புறநகர்ப் பகுதியில்.

ஒரே தரை என்றால் ஒரே பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. குளோபல் என்கேப் அமைப்பு 2016 மே மாதம் குவிட்டை மோதிப் பார்த்து ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. 2021-இல் ட்ரைபருக்குப் பெரியவர் பாதுகாப்பில் நான்கு. அடுத்த ஆண்டு கைகருக்கும் மேக்னைட்டுக்கும் நான்கு. வம்சம் ஒன்று. இடைப்பட்ட காலத்தில் இரும்பின் தரம், தகட்டின் கனம், பற்றவைப்பு, ஏர்பேக் எண்ணிக்கை எல்லாம் மாறின. அரசின் விதிகளும் இறுகின. தரை ஒரு பரம்பரைச் சொத்து மாதிரி விற்பனையாளர் பேசும்போது, எந்த வருடத்து வண்டிக்கு என்ன சோதனை முடிவு என்று வாங்குகிறவர் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

குமராட்சிக் கணக்கு கொஞ்சம் வேறு. இங்கே ஒரு வண்டியின் தரைக்கு முதல் எதிரி தண்ணீர். கொள்ளிடம் கரைபுரளும் ஆண்டுகளில் சாலையில் முழங்கால் அளவு நிற்கும். அம்பாசிடர் காலத்தில் தண்ணீர் வடிந்ததும் விரிப்பை உருவி வெயிலில் போட்டு, பிரேக்கைக் காயவைத்து, டிங்கரிங் பட்டறையில் துருப்பிடித்த இடத்தை வெட்டி ஒரு தகட்டைப் பற்றவைத்தால் வண்டி கிளம்பிவிடும். இன்றைய தரையில் விரிப்புக்கு அடியில் வயர் கட்டுகளும் சென்சார் இணைப்புகளும் ஓடுகின்றன. ஒரு கனெக்டரில் ஈரம் இறங்கினால் ஸ்கேனர் வைத்திருக்கிறவரைத் தேடிக் கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அம்பாசிடர் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வண்டியாக இருந்தது. பாகத்தின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் எடுத்து நீட்டினார். இன்றைக்கு ஒற்றுமை அதைவிடப் பரவலாக இருக்கிறது, ஆனால் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பலேனோவே 2019-இல் டொயோட்டா கிளான்ஸா ஆனது. மைக்ராவும் பல்ஸும் அண்ணன் தம்பி. ஆனால் பாகத்தின் பெட்டியில் அச்சடித்த கம்பெனி வேறு, எண் வேறு. எது எதற்குப் பொருந்தும் என்பதை ஊர் மெக்கானிக்குகள் கழற்றிக் கழற்றிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். டாட்சன் என்ற பெயரை 2022-இல் நிறுத்தியபோது, அந்த வண்டி வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். ரெடி-கோ வைத்திருந்தவரின் பயத்தைக் குறைக்கப் பட்டறைக்காரருக்கு ஒரு வாக்கியம் போதும்: உள்ளே இருப்பது குவிட்தான், அது இன்னும் ஓடுகிறது.

தரையைப் பங்கிட்டவர்கள் ஆலையைப் பிரித்துக்கொண்டதும் நடந்துவிட்டது. ஒரகடத்தில் நிசானுக்கிருந்த 51 சதவீதப் பங்கை வாங்கிக்கொள்வதாக ரெனோ 2025 மார்ச் 31 அன்று அறிவித்தது. மேக்னைட் அங்கேயே தொடர்ந்து உற்பத்தியாகும், ட்ரைபர் வழியில் நிசானுக்கும் ஓர் ஏழு இருக்கை வண்டி அங்கிருந்தே வரும் என்பது ஏற்பாடு. இனி நிசான் தன் பெயர் போட்ட காருக்கு ரெனோவின் வாசலில் வாடிக்கையாளராக நிற்கும்.

அடுத்த இதழில்: 1978-க்குப் பின் அம்பாசிடருக்குள் புகுந்த டீசல் இன்ஜின்.